பழைய ஆங்கிலப் பண்ணைவீடு: புகை போன வழியும் ஈரம் போகும் வழியும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட், சசெக்ஸ் பக்கம், 1350-க்கும் 1550-க்கும் இடையில் ஓக் மரத்தால் சட்டமிட்டுக் கட்டிய பண்ணைவீடுகள் இன்றும் குடியிருப்பாகவே இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்தப் பக்கம். இப்படியொரு வீட்டின் வரலாறு தெரிய வேண்டுமானால் அதில் புகை எப்படி வெளியேறியது என்று பார்க்க வேண்டும். வீடு இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்பது ஈரம் எப்படி வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றையே சுற்றி வரும்.

'வீல்டன் வீடு' என்கிறார்களே, அது என்ன?

வடக்கு டவுன்ஸ், தெற்கு டவுன்ஸ் என்ற இரு சுண்ணப்பாறைக் குன்றுத்தொடர்களுக்கு நடுவே கிடக்கும் காட்டு நிலம் வீல்ட். அங்கே அதிகம் கட்டப்பட்ட வீட்டுவகை ஆதலால் அந்தப் பெயர். வரைபடம் எளிது. நீளவாக்கில் நான்கு அங்கணங்கள் (அங்கணம் என்பது இரு தூண்வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதி). நடு இரண்டு அங்கணமும் சேர்ந்து ஒரே கூடம். தரையிலிருந்து கூரை முகடு வரை திறந்தவெளி, இடையில் மாடி கிடையாது. இரு முனைகளிலும் மட்டும் மாடி உண்டு.

ஒரு முனை 'மேல் முனை'. கீழே வீட்டுக்காரரின் தனியறை, அதன் மேலே படுக்கையறை. மறுமுனை 'கீழ் முனை'. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு அறைகள்: ஒன்று பானங்களும் பீப்பாய்களும் வைக்க, மற்றது ரொட்டியும் உலர்பொருளும் வைக்க. கூடத்தின் கீழ் முனையில் வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர் இருக்கும். நடுவில் ஓடுவது குறுக்கு நடை.

வெளியிலிருந்தே அடையாளம் காணலாம். இரு முனைகளின் மாடியும் கீழ்ச்சுவரைத் தாண்டி ஒன்றரை அடி அளவுக்கு முன்னே துருத்தும். கூடத்துக்கு மாடியே இல்லாததால் அதன் சுவர் துருத்த முடியாது, உள்வாங்கி நிற்கும். ஆனால் மூன்றையும் மூடுவது ஒரே கூரை. ஆகவே கூடத்தின் முன்னால் இறவாணம் அந்தரத்தில் நீள, அதை வளைந்த தாங்குமரங்கள் பிடித்திருக்கும்.

நல்ல எடுத்துக்காட்டு கென்ட்டின் சிடிங்ஸ்டோன் பகுதியில் இருந்த பேலீஃப் பண்ணைவீடு. கூடமும் கீழ் முனையும் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. மேல் முனை 1510 வாக்கில் வந்தது. ஆக, 'ஒரே வீடு' என்று நாம் பார்ப்பதிலேயே ஏறக்குறைய நூறாண்டு இடைவெளி ஒளிந்திருக்கிறது. போ பீச் நீர்த்தேக்கத்துக்காக 1960களின் கடைசியில் இதைப் பிரித்தெடுத்து, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1972-இல் மறுபடி நிறுத்தினார்கள். ஒவ்வொரு மூட்டும் மர ஆணியால் பூட்டியது என்பதால்தான் அப்படிக் கழற்றி மாட்ட முடிந்தது.

இதில் யார் குடியிருந்தார்கள்?

பிரபுக்கள் அல்லர், ஏழைகளும் அல்லர். சொந்த நிலமோ உறுதியான குத்தகையோ வைத்திருந்த 'யோமன்' எனப்படும் வசதியான உழவர்கள். 1348–49 கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் குறைந்து, நிலம் எளிதாகக் கிடைத்து, கூலியும் ஏறியது. அந்த வளத்தின் சாட்சிதான் இந்த வீடுகள். ஏழைகளின் வீடுகள் இத்தனை காலம் நிற்கவில்லை.

புகைபோக்கியே இல்லாமல் வீட்டுக்குள் எப்படி நெருப்பு எரித்தார்கள்?

கூடத்தின் நடுத்தரையில், கல்லோ ஓடோ பதித்த திறந்த அடுப்பு. புகை மேலே எழுந்து கூரையடியில் ஒரு படலமாகத் தங்கும். பிறகு முகட்டின் இரு முனைகளிலும் உள்ள சிறு முக்கோணத் திறப்புகள் வழியாகவும், ஓட்டு இடுக்குகள் வழியாகவும் மெல்லக் கசிந்து போகும். சன்னலில் கண்ணாடி இல்லை. வைர வடிவில் செதுக்கிய மரக்கம்பிகள்தான், உள்ளே பலகைக் கதவு. காற்று வரும் பக்கத்துச் சன்னலை மூடி எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைப்பார்கள்.

உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே நல்ல உயரத்தில் புகை நின்றுவிடும் என்பதால் நாம் நினைக்கிற அளவுக்கு மூச்சு முட்டாது. விறகு காய்ந்திருக்க வேண்டும், தீ சிறிதாகச் சீராக எரிய வேண்டும், அவ்வளவுதான். ஈர விறகைப் போட்டால் கதை வேறு. இரண்டு மாடி உயரத்தைக் கூடத்துக்கு விட்டுக்கொடுத்ததன் காரணமும் இதுவே. அது ஆடம்பரம் மட்டுமல்ல, புகை தங்குவதற்கான இடம்.

அப்படியானால் புகைபோக்கி எப்போது வந்தது? வந்ததும் என்ன மாறியது?

எல்லாமே மாறியது. 16ஆம் நூற்றாண்டில் முதலில் பல வீடுகளில் கூடத்தின் ஒரு பகுதியை மட்டும் தடுத்துப் 'புகை அங்கணம்' ஆக்கினார்கள். புகை முழுவதும் அந்த ஒடுங்கிய பகுதிக்குள் ஏறிப் போகும். மீதிக் கூடத்துக்கு மேல் தளம் போட்டுக்கொள்ளலாம். அடுத்த படி செங்கல் புகைபோக்கி. வசதிப்பட்ட இடம் குறுக்கு நடை என்பதால் பல வீடுகளில் அதை அங்கேயே செருகினார்கள். முன்வாசலைத் திறந்தால் நேரே செங்கல் சுவர் முகத்தில் இடிப்பது போல் நிற்கும் வீடுகள் இப்படி உருவானவையே.

எசெக்ஸின் ராட்வின்டர் ஊர்ப் பாதிரியார் வில்லியம் ஹாரிசன் 1577-இல் எழுதியதில், தம் ஊர்க் கிழவர்கள் வியந்து பேசும் மூன்று மாற்றங்களைக் குறிப்பிடுகிறார்: புகைபோக்கிகள் பெருகியது, படுக்கை மேம்பட்டது, மரத்தட்டு போய் ஈயக்கலப்புத் தட்டு வந்தது. 1570–1640 காலத்தை 'மாபெரும் மறுகட்டுமானம்' என்று வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953-இல் பெயரிட்டார். எல்லா வட்டாரத்துக்கும் அந்த ஆண்டுகள் பொருந்தவில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினாலும் தென்கிழக்குக்கு அது பெருமளவு சரியே. சிங்கிள்டன் அருங்காட்சியகத்திலேயே உள்ள பெண்டீன் பண்ணைவீடு 1609-இல் கட்டியது. நடுவில் செங்கல் புகைபோக்கியோடுதான் அது பிறந்தது, திறந்த கூடம் அதற்கு இருந்ததே இல்லை. பேலீஃபையும் பெண்டீனையும் ஒரே நாளில் பார்த்தால் நூறாண்டு மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

வெளியே செங்கல், உள்ளே தட்டையான மேற்தளம். இதற்குள் பழைய கூடம் ஒளிந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பரணில் தொடங்குங்கள். நல்ல விளக்கோடு ஏறி, நடு அங்கணங்களின் கைமரங்களைப் பாருங்கள். புகைக்கரி படிந்து கருத்து, சில இடங்களில் மினுமினுப்பாக இருந்தால் அது திறந்த கூடத்தின் கூரை. முனை அங்கணங்களின் மரங்கள் கரியில்லாமல் இருப்பது இதை உறுதிசெய்யும். கூடத்தைப் பார்த்த பக்கம் மட்டும் கருத்த தடுப்புச்சுவர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: புகைபோக்கி வெடித்துக் கசிந்தாலும் மரம் கருக்கும், ஆனால் அது அந்த இடத்தில் மட்டும் திட்டாக இருக்கும். கரியைக் கழுவிவிடாதீர்கள். வீட்டின் மிகப் பழைய ஆவணம் அதுதான்.

அடுத்து, கூரைக்கு நடுவில் ஒரு தனித்தூணைத் தேடுங்கள். அகலவாக்கில் போகும் பெரிய விட்டத்தின் மேல் நின்று, நீளவாக்கில் ஓடும் ஒரு சட்டத்தைத் தாங்கும். அதிலிருந்து நான்கு திசையிலும் வளைந்த கைகள் பிரியும். 'கிரவுன் போஸ்ட்' என்பது இதுவே. கூடத்து நடுவில் உள்ளதற்கு மட்டும் தலையும் அடியும் செதுக்கி அழகுபடுத்தியிருந்தால், அது கீழிருந்து எல்லோரும் அண்ணாந்து பார்ப்பதற்காகச் செய்தது. இன்று அது பரணின் இருட்டில் கிடக்கிறது.

பிறகு உத்தரங்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வைர வடிவக் குழிகள் வரிசையாக இருந்தால் அங்கே கண்ணாடியில்லாச் சன்னல் இருந்தது. வட்டத் துளைகள் மேலேயும் அதற்கு நேர் கீழே நீண்ட காடியும் இருந்தால் அங்கே வரிச்சுச் சுவர் இருந்தது. காலியான மூட்டுத் துளைகள் இருந்தால் ஒரு மரம் எடுக்கப்பட்டிருக்கிறது. மூட்டுகளில் கீறிய ரோம எண்கள் தச்சர் குறிகள். தரையில் படுக்கவைத்துச் சட்டத்தைப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, கழற்றி, பிறகு நிறுத்துவார்கள். நான்கை IIII என்றுதான் கீறியிருப்பார்கள். எண்வரிசை ஓரிடத்தில் அறுந்து புதிதாகத் தொடங்கினால் அங்கே வீடு பின்னால் நீட்டப்பட்டிருக்கலாம்.

ஒரு வீட்டுக்கு எத்தனை மரம்? காயவைத்தா கட்டினார்கள்?

சஃபோக்கின் ஸ்டான்டனில் சுமார் 1500-இல் கட்டிய ஒரு பண்ணைவீட்டை ஆராய்ந்த காட்டு வரலாற்றாய்வாளர் ஆலிவர் ராக்கம், அதில் ஏறக்குறைய 330 மரங்கள் போயிருப்பதாகக் கணக்கிட்டார். அதில் பாதி மரங்கள் ஒன்பது அங்குல விட்டத்துக்கும் குறைவு. பழம்பெரும் காடுகளை அழித்துக் கட்டினார்கள் என்ற எண்ணத்துக்கு அந்தக் கணக்கு இடம் தரவில்லை. முறையாக வெட்டி வளர்த்த தோப்புகளின் இளமரங்களே பெரும்பாலும் வீடாயின.

காயவைக்கவில்லை. வெட்டிய ஓராண்டு ஈராண்டுக்குள் பச்சையாகவே செதுக்கினார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது, பச்சை ஓக் வெண்ணெய்போல் வெட்டும். ஒரு மரத்தின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் புகும். இரண்டிலும் ஆணித்துளை போடும்போது நாக்கிலுள்ள துளையைத் தோளை (நாக்கு தொடங்கும் விளிம்பை) நோக்கி சுமார் மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். பிளந்து செய்த காய்ந்த ஓக் ஆணியை அடித்தால் அது மூட்டை இழுத்து இறுக்கும். மரம் காயும்போது சுருங்கி, முறுக்கி, வெடிக்கும். சாய்ந்த தூண்களும் வளைந்த தளமும் பெரும்பாலும் முதல் சில பத்தாண்டுகளிலேயே நடந்து முடிந்த கதை. அதை 'நிமிர்த்த' முயல்பவர்தான் புது வெடிப்புகளை உண்டாக்குகிறார்.

உத்தரங்கள் பழைய கப்பல்களிலிருந்து எடுத்தவை என்கிறார்களே?

ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் கதை உண்டு. கடலிலிருந்து நெடுந்தூரம் உள்ள வீட்டுக்கும் உண்டு! வேலையில்லாத் துளைகளும் வளைவும் இருப்பதால் வந்த நம்பிக்கை. துளை இருப்பது வேறொரு வீட்டிலிருந்தோ களஞ்சியத்திலிருந்தோ மறுபயன்பாட்டுக்கு வந்த மரம் என்பதால். வளைவு இருப்பது தச்சர் வளைந்த மரத்தையே தேடி எடுத்ததால்.

வீட்டின் வயதை உறுதியாகச் சொல்ல முடியுமா?

மர வளையக் கணக்கு ஒன்றுதான் ஆண்டைச் சொல்லும். கைத்துளைப்பானால் விரல் தடிமனில் மாதிரி எடுப்பார்கள். ஐம்பது வளையத்துக்கும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பொருத்தம் கிடைக்காது. தென் இங்கிலாந்தின் வேகமாய் வளர்ந்த ஓக்குகளில் இதுவே அடிக்கடி வரும் தோல்வி. பட்டையடி வரை முழுமையாக இருந்தால் மரம் வெட்டிய ஆண்டும், சில சமயம் பருவமும் தெரியும். வெளிறு (பட்டையை அடுத்துள்ள வெளி மரம்) பாதி போயிருந்தால் தென் இங்கிலாந்து ஓக்குக்கு 9 முதல் 41 வளையம் வரை வெளிறு இருக்கும் என்ற கணக்கில் ஒரு கால இடைவெளிதான் கிடைக்கும். வைரம் (நடுவிலுள்ள கடின மரம்) மட்டுமே மிஞ்சியிருந்தால் 'இந்த ஆண்டுக்குப் பிறகு' என்பதோடு நின்றுவிடும். ஆகவே மரத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பூச்சி அரித்த வெளிறைச் சீவி எறியாதீர்கள்.

வாசலுக்கு மேல் பொறித்த ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். அது பழுதுபார்த்த ஆண்டாகவோ திருமண ஆண்டாகவோ இருக்கலாம்.

சட்டங்களுக்கு இடையே உள்ள சுவர் எதனால் ஆனது?

வரிச்சு கட்டி மண் பூசியது. முறை தமிழருக்குப் புதிதல்ல. பிளந்த ஓக் குச்சிகளை மேலே துளையிலும் கீழே காடியிலும் செங்குத்தாக நிறுத்தி, ஹேசல் என்ற புதர்மரத்தின் கம்புகளைக் குறுக்கே பின்னுவார்கள். அதன் மேல் களிமண், மணல், நறுக்கிய வைக்கோல், பசுஞ்சாணம் பிசைந்த கலவை. வைக்கோல் வெடிப்பைப் பிரித்து நுண்ணியதாக்கும், சாணம் கலவைக்கு இழுவை தரும்.

பழுதுபார்க்கும்போது மேல்மண் எடுக்கக் கூடாது. இலைமட்கு இல்லாத அடிமண் வேண்டும். விகிதம் மண்ணுக்கு மண் மாறும். களி அதிகமானால் வெடிக்கும், மணல் அதிகமானால் உதிரும். எனவே சிறு தட்டு ஒன்று பூசி, காயவிட்டுப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் அறைந்து பூச வேண்டும். ஒரு பக்கமாக அடித்தால் பின்னல் மறுபக்கம் பிதுங்கும். ஈரமாக இருக்கும்போதே மேற்பரப்பைக் குத்திச் சொரசொரப்பாக்குங்கள். காய்ந்தபின் சட்டத்தை ஒட்டி ஒரு மயிரிழை இடைவெளி விடும், அதை அதே கலவையால் நிரப்பி, பிறகு சுண்ணாம்புக் காரை.

காரைக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் கூழ், மூன்று பங்கு கூர்மணல், அதோடு ஆட்டு மயிர் அல்லது மாட்டு மயிர். ஒரு பூச்சு சுமார் 10 மில்லிமீட்டர். ஐந்து பாகைக்குக் கீழே வெப்பம் இறங்கினால் பூசக் கூடாது. உறைபனி பட்டால் காரை இலையிலையாகக் கழன்று விழும். கடைசியில் பால்போல் கரைத்த சுண்ணாம்பை, சுவரை நனைத்து, நாளுக்கொன்றாக நான்கைந்து பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் பொடியாக உதிரும்.

சிமெண்ட் பூசினால் என்ன? உறுதியாகத்தானே இருக்கும்?

உறுதியாக இருப்பதுதான் கேடு. ஓக் சட்டம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும். சிமெண்ட் அசையாது. இரண்டும் சேரும் கோட்டில் வெடிப்பு விழும், மழை அதன் வழியே உள்ளே போகும். சுண்ணாம்பாக இருந்தால் அந்த ஈரம் சுவரின் முழுப் பரப்பிலும் ஆவியாகிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே பிடித்து வைக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்தால் அழுகலுக்கு வழி திறக்கும். சிமெண்டை உடைக்கும்போது பின்னால் ஓக் இருந்த இடத்தில் பழுப்புத் தூள் மட்டும் இருப்பது இதனால்தான்.

பிளாஸ்டிக் வண்ணமும், சட்ட ஓரங்களில் அடிக்கும் சிலிக்கான் பசையும், கூரையடியில் தெளிக்கும் நுரையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 'கீழிருந்து ஏறும் ஈரம்' என்று சொல்லிச் சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்த வருபவரிடம் எச்சரிக்கை தேவை. அவர் கையிலுள்ள மின் ஈரமானி மரத்துக்காக அளவிடப்பட்டது, பழைய சுவரிலுள்ள உப்புக்கும் அது ஓசை எழுப்பும். முதலில் வெளியே போய்ப் பாருங்கள். தோட்ட மண் அடிச்சட்டத்துக்கு மேல் ஏறியிருக்கும், அல்லது மழைநீர்க் குழாய் அடைத்திருக்கும். மண்ணை உள்தரை மட்டத்துக்குக் கீழே வெட்டி இறக்கி, குழாயைச் சரிசெய்து, ஓராண்டு காத்திருந்தால் பாதிப் பிரச்சினை தானே போகும்.

அடிச்சட்டம் அழுகிவிட்டது. முழுதும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வரிசை இது: ஈரத்தின் காரணத்தை நிறுத்து. சட்டத்தின் பாரத்தை முட்டுக்கொடுத்து ஏற்று, ஆனால் தூக்காதே. கூர்ஊசியால் குத்திப் பார்த்து, நல்ல மரம் தொடங்கும் இடம் வரை மட்டும் வெட்டு. அதே வகை ஓக்கில் புதுத் துண்டைச் செய்து, சாய்வொட்டு மூட்டாலும் மர ஆணியாலும் இணை. கீழே உள்ள கல்வரிசையைச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டு. இரும்பு போல்ட்டு தேவைப்பட்டால் துருப்பிடிக்காத எஃகே போடுங்கள். ஓக்கின் அமிலம் சாதா இரும்பைத் தின்றுவிடும், மரத்தையும் கறுப்பாக்கும்.

மரத்தில் துளைகள் தெரிகின்றன. பூச்சிமருந்து அடிக்கலாமா?

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள் மரச்சாமான் வண்டின் வேலை. வெளிறோடு நின்றுவிடும், பெரும்பாலும் எப்போதோ முடிந்துபோன சேதம். மூன்று மில்லிமீட்டர் அளவுத் துளைகள் என்றால் 'டெத்வாட்ச்' வண்டு. வசந்தத்தில் மரத்தில் தலையை மோதித் தட்டும் ஓசையால் வந்த பெயர். அதன் புழு பத்தாண்டு வரைகூட மரத்துக்குள் இருக்கும். மேலே அடித்த மருந்து அதைத் தொடாது. அதற்கு ஈரத்தில் இளகிய ஓக் வேண்டும். மரத்தைக் காயவைப்பதே மருந்து. துளைக்குக் கீழே வெளிறிய புதுத்தூள் விழுகிறதா என்று கறுப்புத்தாள் விரித்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

மரச்சட்டத்துக்குக் கறுப்பு வண்ணம் அடிப்பதுதானே மரபு?

தென்கிழக்கில் இல்லை. அங்கே ஓக்கை வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வர விட்டார்கள், அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். கறுப்பு-வெள்ளை மோகம் பெரிதும் 19ஆம் நூற்றாண்டுடையது. கறுப்பை நீக்க மணல் வீச்சு வைத்தால் தச்சர் குறிகளும் உளித்தடங்களும் சேர்ந்து போய்விடும்.

அடைத்த சன்னல்கள் வரிக்குப் பயந்து அடைத்தவையா?

சில. சன்னல் வரி 1696 முதல் 1851 வரை இருந்தது. பால் அறைக்கும் பாலாடைக்கட்டி அறைக்கும் விலக்கு உண்டு, ஆனால் சன்னலுக்கு மேல் அறையின் பெயரை எழுதியிருக்க வேண்டும். சில பண்ணைவீடுகளில் அந்த எழுத்து இன்னும் தெரிகிறது. மற்றபடி, புகைபோக்கி வந்ததாலோ மாடிப்படி இடம் மாறியதாலோ மூடிய சன்னல்களே மிகுதி. செங்கல் வரி (1784–1850) வந்தபோது, எண்ணிக்கைக்கு வரி என்பதால் பெரிய செங்கல் வார்த்தார்கள். 1803-இல் பெரிய செங்கலுக்கு இரட்டை வரி போட்டதும் அந்த விளையாட்டு முடிந்தது.

ஓட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1477-இன் சட்டம் தட்டோட்டின் அளவை 10½ அங்குல நீளம், 6¼ அங்குல அகலம், ⅝ அங்குலத் தடிமன் என்று வகுத்தது. கென்ட் கூரைகளில் இன்றும் கிட்டத்தட்ட அந்த அளவே. புதிய ஓடு வாங்குமுன் பழையதை அளந்துகொள்ளுங்கள்.

வீட்டின் பழைய குடிகளைப் பற்றி எந்த ஆவணத்தில் தேடுவது?

மாவட்ட ஆவணக் காப்பகத்தில், இறந்தவரின் சொத்துப் பட்டியல்களில் தொடங்குங்கள். 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை கிடைக்கும். மதிப்பீட்டாளர்கள் அறை அறையாக நடந்து எழுதியவை. 'கூடத்துக்கு மேலுள்ள அறை' என்று ஒரு வரி வந்தால், அந்த ஆண்டுக்குள் கூடத்துக்குத் தளம் போட்டாகிவிட்டது என்று பொருள். அது வராமல் மற்ற மாடியறைகள் மட்டும் வந்தால் கூடம் இன்னும் திறந்திருக்கலாம்.

அடுப்பு வரி 1662 முதல் 1689 வரை. ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். குடும்பத்தலைவர் பெயரும் அடுப்பு எண்ணிக்கையும் அதில் உண்டு, வீட்டுப் பெயர் அபூர்வம். 1836 சட்டத்தின்படி வரைந்த தசமபாக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு) வரைபடங்கள் ஒவ்வொரு வயலுக்கும் உரிமையாளர், குத்தகைதாரர் பெயர்களைத் தரும்.  தேசியப் பண்ணைக் கணக்கெடுப்பு 1941–43, போர்க்காலத்தது, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

பட்டியலிட்ட கட்டடம் (சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது) என்றால் என்னென்ன செய்யக் கூடாது?

ஓரளவு பழைய நிலையில் நிற்கும் 1700-க்கு முந்தைய வீடு பெரும்பாலும் பட்டியலில் இருக்கும். தரம் ஒன்று, இரண்டு-நட்சத்திரம், இரண்டு. இரண்டாம் தரம் என்றால் வெளிமுகம் மட்டும் என்பது தவறான நம்பிக்கை. எந்தத் தரமானாலும் உட்புறமும், 1 ஜூலை 1948-க்கு முன்பிருந்தே வளாகத்தில் உள்ள பழைய கொட்டில்களும் அடங்கும். கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சி மன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்வது குற்றவியல் குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் செய்ததைச் சரிசெய்யும் உத்தரவு இன்றைய உரிமையாளர் பேரிலும் வரலாம், அதற்குக் கால வரம்பு கிடையாது. வாங்குமுன் உங்கள் வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்ல வேண்டிய முதல் கேள்வி இதுதான். பரணில் வௌவால் இருந்தால் அதற்குத் தனிச் சட்டம், தனி ஆய்வு.

நேரில் எங்கே பார்க்கலாம்?

சிங்கிள்டனில் பேலீஃப், பெண்டீன் இரண்டும் ஒரே வளாகத்தில். பேலீஃப் கூடத்தில் நடுத்தரை அடுப்பைக் காணலாம். கிழக்கு சசெக்ஸின் ஆல்ஃபிரிஸ்டனில் உள்ள பாதிரியார் இல்லமும் வீல்டன் வகைதான். 1896-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை வாங்கிய முதல் கட்டடம் அது, விலை பத்துப் பவுண்டு. அங்கே போனால் அண்ணாந்து கிரவுன் போஸ்ட்டைப் பார்த்த கையோடு குனிந்து தரையையும் பாருங்கள்: சுண்ணப்பாறையை இடித்துக் கெட்டித்து, புளித்த பாலால் மெழுகிய தரை.